பிடரிக்காரரை அழித்த நாள்

சாய்ராகுல் பாதிப் பேரின் பெயரைச் சொல்ல மாட்டாள். கோபத்தினால் அல்ல, மரியாதையினால். புகுந்த வீட்டில் மாமனார், அவருடைய அண்ணன் தம்பிகள், புருஷனுக்கு மூத்தவர்கள் என்று பதினோரு பேர். அந்தப் பதினோரு பெயரும் அவள் வாயில் வராது. பெயர் மட்டுமா? பெயருக்குள் ஒளிந்திருக்கிற சொல்லும் வராது. சின்ன மாமனார் ஒருவர் பெயர் தாஷ்பாய். எங்கள் மொழியில் தாஷ் என்றால் கல். நாங்களோ தலாஸில் பீன்ஸ் ஏற்றுமதி செய்கிற கம்பெனி. விடிந்தால் பீன்ஸில் கல் பொறுக்குகிற பேச்சுதான். "இந்த மூட்டையில கெட்டியானது நிறையக் கிடக்கு" என்பாள் சாய்ரா. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

ஒரு காலத்தில் எல்லா மருமகள்களும் அப்படித்தான் இருந்தார்கள். இப்போது யார் பார்க்கிறார்கள்? என் மருமகள் அவள் போனில் என்னை என்ன பெயரில் போட்டு வைத்திருக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் வம்பு. ஆனால் சாய்ரா கம்ப்யூட்டர் படித்தவள். கம்பெனியின் முப்பத்தொரு கணினியும் அவள் பொறுப்பு. அவள் போய் இப்படி இருந்தால் சும்மா விட முடியுமா? பன்னிரண்டு வருஷம் அவளைச் சீண்டினேன்.

"ஏண்டி, ஜெர்மனியில இருக்கிற மிஷினோட இங்கேர்ந்து பேசுறவ நீ. கல்லக் கல்லுன்னு சொல்ல வாய் வலிக்குதா?"

"வாய் வலிக்கல எஜே. மனசு ஒப்பல."

எஜே என்றால் அக்கா. வயது காரணமாக நான் எல்லோருக்கும் தாரிக்கா எஜே. வெளிநாட்டுக்குப் போகிற கடிதங்களை எழுதுகிற பிரிவு என்னுடையது. பிரிவு என்றால் நானும் ஒரு தேநீர்க் கெண்டியும்தான்.

அவளுக்கு மாமனார் மேல் இருந்த மரியாதைக்குக் காரணம் இருந்தது. பாதிப் படிப்பில் கல்யாணமாகி வந்தவள் அவள். புருஷன் நல்லவன், ஆனால் வருஷத்தில் ஒன்பது மாதம் வெளிநாட்டில், நோவோசிபிர்ஸ்க்கில் கட்டட வேலை. ஊரில் அத்தனை பேரும், வந்த மருமகள் அடுப்பைப் பார்க்கட்டும் என்றபோது, டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர்தான், "மாட்டை நான் கறந்துக்கறேன், நீ போய்ப் படிப்ப முடிச்சிட்டு வாம்மா" என்று தலைநகர் பிஷ்கெக் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இரண்டு வருஷம் கறந்தார். ஊர் சிரித்தது, அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த ஊரின் நடுவிலேயே நடந்தார்.

அவருடைய பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அவள்தான் சொன்னதில்லையே. எங்களுக்கு அவர் சாய்ராவின் மாமனார், அவ்வளவுதான்.

இனி அந்த வீணாய்ப்போன மெயில் சர்வர் கதைக்கு வருகிறேன்.

எங்கள் இயக்குநர் ஒரோஸ்பெக் நல்ல மனிதர், ஆனால் உறவுக்காரன் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். அவருடைய மனைவி வழியில் மிர்லான் என்று ஒருவன், கூர் மூக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு பிஷ்கெக்கிலிருந்து வந்து இறங்கினான். எங்கள் பழைய மெயில் சர்வர் கிழடாகிவிட்டதாம். புதிதாக ஒன்று வைக்கிறானாம். "அவசரப்படாதீங்க, முதல்ல ஒத்திகை பார்க்கணும்" என்றாள் சாய்ரா. அவன், "நீங்க டீ போடுங்க அக்கா, இது பெரிய வேலை" என்றான். அவள் டீயும் போட்டாள் பாவம்.

வேலை பாதியில் நின்றுபோனது. திரை சிவந்தது. அவன் எதையோ அழுத்தினான், இன்னும் சிவந்தது. பகல் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவன் இன்று வரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

புது சர்வரைப் பிடுங்கி மூலையில் வைத்தாயிற்று. ஆனால் செத்ததன் பெயர் சாகவில்லை. கம்பெனியின் எல்லாக் கணினியும் பார்த்து நடக்கிற பதிவேடு ஒன்று உண்டு. அதில் ஐம்பது இடத்தில் அவன் அந்தச் சர்வரைப் பற்றி எழுதிவிட்டுப் போயிருந்தான்; நாற்பத்தொன்பது வெறும் எண்கள், ஒன்றில் மட்டும் அதன் பெயர். அதனால் காலையில் கணினியைத் திறந்தால் ஒவ்வொன்றும் அந்த இல்லாத சர்வரைத் தேடும். ஆங்கிலத்தில் ஒரு சன்னல் முளைக்கும். அதில் என்ன எழுதியிருந்தது என்று யார் படித்தது? மூட வேண்டும், மூடினோம். அனுப்புகிற கடிதங்களில் மூன்றில் ஒன்று அந்தப் பிணத்தைத் தேடிப் போய்த் திரும்பி வந்தது.

இயக்குநர் எல்லோரையும் கூட்டி வைத்துக் கத்தினார். "இனிமே சர்வர் ரூமுக்குள்ள சாய்ராவத் தவிர எவன் கை வச்சாலும் சரி, எவ கை வச்சாலும் சரி, அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்!"

எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. ஐம்பத்தாறு வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? சர்வர் அறைக் கதவு இருக்கிற பக்கம்கூட நான் திரும்பவில்லை.

சாய்ரா ஒன்பது நாள் சுத்தம் செய்தாள். அவள் வேலை செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். முதல் நாள் எதையும் அழிக்கவில்லை. அழிக்கிறதெல்லாம் போய் விழுவதற்கு ஓர் இடத்தைத் திறந்துவைத்தாள். "பெருக்கறதுக்கு முன்னாடி குப்பைக்கூடையை வைக்கணும் எஜே" என்றாள். அப்புறம் ஒரு நோட்டு. ஒன்றை அழிப்பதற்கு முன்னால் அதை அப்படியே நோட்டில் எழுதுவாள், எழுதியதைத் திரையோடு ஒப்பிடுவாள், பிறகுதான் விரல் போகும். ஒவ்வொரு மேஜையாக வந்து எங்கள் கணினிகளையும் துடைத்தாள். கிடங்குக்காரன் கணினியின் விசைப்பலகையில் சிந்திக் கிடந்த, குருத் என்கிற உலர்ந்த தயிர் உருண்டையின் தூளைக்கூட ஊதிவிட்டுப் போனாள். செத்த சர்வரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அவர்" என்றாள், "வந்தவர்" என்றாள், "பிடரிக்காரர்" என்றாள்.

"ஒரு இரும்புப் பெட்டிக்கு என்னடி 'அவர்' வேண்டிக் கிடக்கு?"

அவள் முகம் சிவந்தது. நோட்டைப் புரட்டினாள். எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

பத்தாம் நாள் அவள் மாமனாரை அழைத்துக்கொண்டு பிஷ்கெக் போனாள். இரண்டு கண்ணிலும் புரை. அறுவைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். போகும்போது அறைச் சாவியை ஓர் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "தீ கீ பிடிச்சா மட்டும் எஜே. இன்னும் ஒரே ஒரு வரிதான் பாக்கி. வந்து பார்த்துக்கறேன்."

ஒரே ஒரு வரி. ஒன்பது நாள் உழைத்தவள் அந்த ஒரு வரியை ஏன் விட்டுவிட்டுப் போனாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் தோ-அஷூ கணவாயில் பனி சரிந்து பாதை மூடிவிட்டது. பிஷ்கெக்கிலிருந்து யாரும் வர முடியாது. இயக்குநர் கிராமங்களில் விவசாயிகளைப் பார்க்கப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. அன்று பார்த்து, துருக்கியில் மெர்சின் துறைமுகத்திலிருந்து ஹாலுக் பே போன் செய்தார். ஆறு வருஷமாக எங்கள் வெள்ளை பீன்ஸை வாங்குகிறவர்; அவர்கள் பேச்சில் பே என்றால் ஐயா, ஹனும் என்றால் அம்மா. "தாரிக்கா ஹனும், உங்க நேரம் பகல் ஒரு மணிக்குள்ள உங்க ஒப்புதல் கடிதம் வரலன்னா வங்கி இந்த ஒப்பந்தத்த மூடிடும். நான் வேற இடத்துல வாங்கணும். கம்பெனி முகவரியிலிருந்து வந்தாத்தான் வங்கி ஏத்துக்கும், உங்க சொந்த முகவரி செல்லாது."

அனுப்பினேன். திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது. நாலாவது தடவையும் வந்தபோது மணி பதினொன்று இருபது. சாய்ராவுக்குப் போன் போட்டேன்.

"வெளியிலேர்ந்து உள்ள நுழையிற வழியையும் அந்த ஆளு கெடுத்து வச்சிருக்கான் எஜே" என்றாள், ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து. "இங்கேர்ந்து என்னால ஒண்ணும் செய்ய முடியாது. நான் வர்ற வரைக்கும் பொறுங்க."

"பொறுக்கறதா? கிடங்குல எத்தனை ஊரு பீன்ஸு கிடக்குன்னு உனக்குத் தெரியாது? அந்த ஒரு வரிய அழிச்சா சரியாயிடுமா, ஆகாதா?"

"ஆயிடும். ஆனா..."

"ஆனா கீனா வேண்டாம். சாவி என்கிட்ட இருக்கு. சொல்லு, நான் செய்யறேன்."

"இயக்குநர் என்ன சொன்னாருன்னு..."

"அது என் தலைவலி."

வாய்தான் அப்படிப் பேசியது. கதவைத் திறப்பதற்கு முன்னால் தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன். உள்ளே குளிர், பெட்டிகள் முனகிக்கொண்டிருந்தன. அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனேன். கடவுச்சொல்லைச் சொன்னாள், அது எங்கள் இருவரோடு போகட்டும். கடைசியில் திரையில் இரண்டே வரி. ஒன்று ஜோர்கோ. இன்னொன்று அர்ஸ்தான்.

"ரெண்டு வரி இருக்குடி. எத எடுக்கணும்?"

போனில் கரகரவென்று சத்தம். "பிடரி இருக்கறவரை எடுத்துடுங்க எஜே. ஆனா அழுத்தறதுக்கு முன்னாடி என்ன பேருன்னு படிச்சுக் காட்டு..."

நான் அழுத்திவிட்டேன்.

எங்கள் ஊரில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பிடரி மயிர் என்றால் குதிரைதான். ஜோர்கோ என்றால் குலுங்காமல் ஓடுகிற நல்ல நடைக்குதிரை. அர்ஸ்தான் என்றால் சிங்கம். சிங்கத்தை யார் கண்டது? பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. அதற்கும் பிடரி உண்டு என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் ஏறவே இல்லை.

"ஜோர்கோவை எடுத்தாச்சு" என்றேன் பெருமையாக.

சாய்ரா அந்தப் பெயரை ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். அப்புறம் மெல்ல, "எஜே... அவருதான் நம்ம பழைய சர்வர். உயிரோட இருக்கறவரு."

கதவுக்கு வெளியே ஒவ்வொரு அறையிலிருந்தும் குரல் கிளம்பியது. "என் மெயில் போச்சு!" "எனக்கும்!" பதினோரு வருஷக் கடிதங்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: இன்றே வீடு. ஓய்வூதியம் போச்சு. இந்த வயதில் கடைத்தெருவில் போர்சோக் மாவுருண்டை பொரித்து விற்க வேண்டியதுதான்.

"எஜே, அழறீங்களா?"

"இல்ல, பாட்டுப் பாடறேன்!"

"எந்திரிங்க. குப்பைக்கூடை வச்சேன்ல? ஜோர்கோ அதுலதான் இருப்பாரு."

ஒரு வார்த்தை திட்டவில்லை. எப்படி அழுத்துவீங்க என்று கேட்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் பிஷ்கெக்கிலிருந்து கத்தியது தலாஸில் போன் இல்லாமலே கேட்டிருக்கும். அவளோ சின்னக் குழந்தைக்குப் பொத்தான் போடச் சொல்லிக்கொடுப்பதுபோல, இதைத் திறங்க, அதைப் படிங்க, மறுபடி படிங்க என்றாள். கூடையில் ஐம்பது வரி கிடந்தன. நாற்பத்தொன்பது அவள் ஒன்பது நாளில் பெருக்கித் தள்ளியவை. நடுவில் ஒன்றே ஒன்று ஜோர்கோ. ஐந்து தடவை படிக்க வைத்தாள். "இப்ப 'மீட்டெடு'ங்க." அழுத்தினேன். ஜோர்கோ தன் இடத்துக்குத் திரும்பியது. அங்கங்கே அறுந்திருந்த முடிச்சுகளைப் போட இன்னும் அரை மணி நேரம் பிடித்தது. பிறகு வெளியே குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மணி பன்னிரண்டு ஐந்து.

"இப்ப இன்னொருத்தரை எடுத்துடுங்க எஜே."

"முடியாது. பேரச் சொல்லு. உன் வாயால பேரச் சொன்னாத்தான் கை வைப்பேன்."

"அதான் எஜே, அந்த இன்னொருத்தரு."

"சாய்ரா! மணி ஆகுது! அர்ஸ்தான்தானே? அர்ஸ்தான அழின்னு சொல்லு. ரெண்டு வார்த்தை!"

விசும்பல் கேட்டது. அத்தனை நேரம் கல்லாக நின்றவள் இப்போது அழுதாள். "அது எங்க அத்தாவோட, மாமனாரோட பேரு எஜே. கிளம்பற அன்னைக்கே அந்த வரிக்கு வந்துட்டேன். நோட்டுல எழுத வரல, விரலும் போகல. கண்ணுல கத்தி வைக்கப் போறவரோட பேரை எப்படி எஜே நான் அழிப்பேன்? வந்து செஞ்சுக்கலாம்னு விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

கம்ப்யூட்டர் படித்தவளாவது, மண்ணாவது என்று கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் திரையில் அந்தப் பெயரைப் பார்த்தேன். வாளியோடு ஊர் நடுவில் நடந்த மனிதர். இப்போது எனக்கே கை கூசியது. மிர்லானுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா?

போன் கைமாறுகிற சத்தம். கனத்த கிழட்டுக் குரல் ஒன்று வந்தது.

"யாரு, கடிதம் எழுதுற தாரிக்காவா? என் மருமவள ஏன் அழ விடறே?"

"ஐயோ, நான் விடலங்க. இங்க ஒரு பெட்டி, அதுக்கு..."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கண்ணுலதான் கட்டு, காதுல இல்ல. அந்தப் பெட்டிக்கும் எனக்கும் என்ன சொந்தம்? அது எங்க வீட்டுல சாப்பிட்டுச்சா? டாக்டர் இப்பத்தான் பார்த்துட்டுப் போனாரு. கட்டைப் பிரிக்கையில வெளிச்சம் தெரிஞ்சுது, இவ மூக்கும் தெரிஞ்சுது. இனிமே எனக்கு ஒண்ணும் ஆகாது." செருமிக்கொண்டார். "அவ சொல்ல மாட்டா. சொல்லவும் வேண்டாம். எம்பேரை நானே சொல்றேன். அர்ஸ்தான். அர்ஸ்தான அழிச்சிடு, மகளே. ஓமின்."

நான் எழுந்து நின்றேன். ஆசி முடிகையில் செய்வதுபோல இரண்டு கையையும் ஏந்தி, முகத்தில் தடவி, "ஓமின்" என்று சொல்லிவிட்டு அழுத்தினேன். ஒரு சர்வரை வேறு யாராவது இப்படி வழியனுப்பியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

கடிதம் பன்னிரண்டு இருபதுக்குப் போனது. திரும்பி வரவில்லை. ஹாலுக் பே பன்னிரண்டரைக்குக் கிடைத்தது என்று பதில் போட்டார். நான் அறையைப் பூட்டிவிட்டு, ஆறிப்போன டீயை நின்றபடியே குடித்தேன்.

கணவாய் திறந்து, சாய்ரா திங்கட்கிழமை வந்தாள். அதற்குள் இயக்குநருக்கு விஷயம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை நாற்பது நிமிடம் எல்லா மெயிலும் நின்றது. சாய்ராவின் கடவுச்சொல்லில் யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள். சாய்ராவோ மலைக்கு அந்தப் பக்கம். காலை டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"யாரு உள்ள போனது?"

"நான் சொல்லித்தான் நடந்தது பைகே" என்றாள் சாய்ரா. பைகே என்றால் அண்ணன். "கடைசி வரிய அழிக்காம விட்டுட்டுப் போனது நான். சொன்னதையும் புரியும்படி சொல்லல. தப்பு என்னோடது."

"அது இருக்கட்டும். கை யாரோடது? பேரச் சொல்லு."

நான் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு வருஷம், இரண்டு வருஷம் என்றே மனசு அடித்துக்கொண்டது. அவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொன்னாலும் அவள்மேல் குற்றம் இல்லை.

சாய்ரா தலையைக் குனிந்தாள். மாமனார் பேச்சு வந்தால் எப்படிக் குனிவாளோ, அப்படி.

"அவங்க பேரை நான் சொல்ல மாட்டேன் பைகே."

"ஏன்?"

"வாய் வலிக்கல. மனசு ஒப்பல."

சிலர் சிரித்தார்கள். இயக்குநரும் எங்கள் ஊர்க்காரர்தான். ஒரு மருமகள் தலையைக் குனிந்துகொண்டு பேர் சொல்ல மாட்டேன் என்றால் அதற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். "உன் மாமனாரா வந்து உள்ள போனாரு?" என்றார், பாதிக் கோபமாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு வருஷம் நான் கேலி செய்த அதே வழக்கத்துக்குள் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டாள். அந்தக் கிழவரும் நினைவுக்கு வந்தார்: எம்பேரை நானே சொல்றேன். கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன்.

"தாரிக்கா" என்றேன். "நான்தான் உள்ள போனேன். அவ வேண்டாம்னா. நான்தான் கேக்கல."

சாய்ரா தலையை நிமிர்த்தினாள். இயக்குநர் என்னைப் பார்த்தார், சாய்ராவைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார்.

"கை வச்சா அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்னு சொன்னேனா இல்லையா எஜே?"

"சொன்னீங்க."

"சொன்ன சொல்ல நான் மாத்த முடியாது. கோட்டை எடுத்துக்கிட்டு இப்பவே வீட்டுக்குப் போங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க. ஹாலுக் பே ரெண்டாவது ஆர்டர் அனுப்பியிருக்காரு, பதில் எழுதணும்."

காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போய் என்ன செய்வது? படுத்துக்கொண்டு அழுதேன். நன்றாக அழுதேன். அப்புறம் எழுந்து ஒரு சட்டி போர்சோக் பொரித்தேன். விற்க அல்ல, சாய்ராவின் மாமனாருக்குக் கொடுத்தனுப்ப.

மறுநாள் எட்டு மணிக்குப் போனேன். என் மேஜையில் டீ ஊற்றி, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. சாய்ரா எதிர் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கடிதக்கார எஜே, டீ ஆறிடப் போகுது."

நான் ஓய்வூதியம் வாங்க ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு வருவாள்; மாமனாரும் வருவார், என் சன்னலிலிருந்து மலையில் மேயும் குதிரைகளை எண்ணிக் காட்டுவார். பிள்ளைகள் ஓடி வந்து கதவைத் தட்டினால், "கடிதக்கார எஜேவைக் கூப்பிடுங்க" என்று பின்னாலிருந்து அவள் குரல் கேட்கும். தாரிக்கா என்ற என் பெயரை அன்றிலிருந்து அவள் வாயால் நான் கேட்டதே இல்லை.